குழந்தை வாட்: மைல்கல் அட்டவணையப் பாடமாக்கினாக் காணுமா?

தாதிமாணவி_மட்டு:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்புல நேர்சிங் ரெண்டாம் வருசம் படிக்கிறன், இப்ப குழந்தை வாட்டுல போட்டிரிக்காங்க, வாற மாசம் பீடியாட்ரிக் சோதினையும் இரிக்கு. வளர்ச்சியும் விருத்தியும் எண்ட பாடம்தான் எனக்குப் பெரிய தலையிடி. எத்தினையாம் மாசம் கழுத்து நிக்கும், எப்ப குந்தி இருக்கும், எப்ப பல்லு, எப்ப உச்சிக்குழி மூடும், புள்ளைகள்ட மனசும் அறிவும் வளருறதப் பத்தி எரிக்சன் சொன்னது, பியாஜே சொன்னது எண்டு ஒரே அட்டவணை. ராவு பாடமாக்கினா விடியக்குள்ள நாலாம் மாசமும் ஆறாம் மாசமும் மாறிப் போகுது. வாட்டுக்குப் போனா அங்க ஒரு புள்ளயும் அட்டவணையில இரிக்கிற மாதிரி இல்ல, யூனிபோமக் கண்ட உடனே கத்துதுகள், பீபி பாக்கிற பட்டியக் கையில எடுத்தா தாய்ட கழுத்தக் கட்டிப் பிடிக்குதுகள். பாடத்தையும் வாட்டையும் எப்பிடிச் சேத்துப் படிக்கிற? அனுபவமுள்ள அக்காமார் அண்ணன்மார் சொல்லித் தாங்க. சோதினைக்கு மட்டுமில்ல, இந்தப் புள்ளைகள நல்லாப் பாக்கணும் எண்டு உண்மையாவே ஆசை.

வாட்_அக்கா:

தங்கச்சி, நான் அம்பாறைக் கரையோரம் ஒரு ஆஸ்பத்திரியில குழந்தை வாட்லதான் கனகாலம். முதல் சோதினைக்குரியதச் சொல்லிட்டு மறுகா வாட்டுக்கு வாறன்.

மாசங்களத் தனித்தனியாப் பாடமாக்காதீங்க, அது நிக்காது. விருத்தி போற வழி ரெண்டுதான், தலையில இருந்து காலுக்கு, நடு உடம்பில இருந்து விரல் நுனிக்கு. கண் முன்னால ஒரு புள்ளய வெச்சுக்கொண்டு யோசிங்க. ஆறு கிழமையளவில முகம் பாத்துச் சிரிக்கும், மூணு நாலு மாசத்தில கழுத்து நிக்கும், அதுக்குப் பிறகுதான் முதுகு, ஆறாம் மாசமளவில பிடிச்சு வெச்சா இருக்கும், எட்டாம் மாசமளவில பிடிக்காம இருக்கும், மறுகா கால், ஒம்பது பத்தில எதையாவது பிடிச்சிட்டு எழும்பும், ஒரு வயசச் சுத்தி நடக்கும். கையும் அப்பிடித்தான். முதல் பொத்தின கை, நாலஞ்சு மாசத்தில முழுக் கையால அள்ளும், ஏழாம் மாசமளவில ஒரு கையில இரிக்கிறத மற்றக் கைக்கு மாத்தும், ஒம்பது பத்தாம் மாசத்தில கீழ கிடக்கிற சோத்துப் பருக்கைய பெருவிரலாலயும் சுட்டுவிரலாலயும் பொறுக்கி வாயில வெக்கும். வழி விளங்கிட்டா மாசம் தானா வரும்.

நிறைக்கும் உயரத்துக்கும் பிறந்தத வெச்சுக் கணக்குப் பாருங்க. பிறந்த நிறை அஞ்சாம் மாசமளவில ரெண்டு மடங்கு, ஒரு வயசில மூணு மடங்கு. பிறக்கக்குள்ள 50 சென்ரிமீற்றர் நீளம் எண்டா ஒரு வயசில 75. தலைச்சுற்றளவு 35ல இருந்து 46, 47க்கு வரும். 1 தொடக்கம் 6 வயசு மட்டும் வயச ரெண்டால பெருக்கி எட்டக் கூட்டினா அண்ணளவா கிலோ வரும், நாலு வயசுக்கு 16. உயரத்துக்கு வயச ஆறால பெருக்கி 77 கூட்டுங்க, அதே நாலு வயசுக்கு 101 சென்ரிமீற்றர். இது பேப்பருக்கும் உதவும், அவசரத்தில வாற புள்ளய ஒருக்கா மதிக்கவும் உதவும், ஆனா மருந்துக்கு எப்பவும் தராசிலதான் நிறுக்கணும். குழந்தை வாட்டுல மருந்து, சேலைன் எல்லாமே கிலோக் கணக்கு. டெங்கு சீசனில எத்தின மில்லி எண்டு ஒவ்வொரு மணித்தியாலமும் பாக்கிற நேரம் நிறை பிழைச்சா எல்லாம் பிழைச்சிரும்.

இன்னொண்டு, இந்த மாசமெல்லாம் நடுவில நிக்கிற எண்கள். உலக சுகாதார நிறுவனம் பாத்ததில சுகமான புள்ளைகள் பிடிக்காம நடந்த வயசு 8.2 மாசத்தில தொடங்கி 17.6 மாசம் மட்டும் பரந்து கிடக்கு. அதே ஆய்வில நூத்துக்கு நாலு புள்ளையளவு கையும் முழங்காலும் ஊண்டித் தவழவே இல்ல, நேரா எழும்பி நடந்திட்டுதுகள். அதால தாய் வந்து என்ட புள்ள தவழல்ல எண்டு அழுதா, மற்ற எல்லாம் சரியா இரிக்கா எண்டு பாத்துட்டு ஆறுதல் சொல்லலாம்.

இனி வாட். கட்டில் தலமாட்டில இரிக்கிற சீட்டில வருத்தம் என்ன எண்டு பாக்க முதல் வயசப் பாருங்க. நான் சொல்ல வாறது முழுக்க இதுதான். நியுமோனியா எண்டது எல்லாப் புள்ளைக்கும் ஒண்டுதான், ஆனா எட்டு மாசப் புள்ளயும் நாலு வயசுப் புள்ளயும் எட்டு வயசுப் புள்ளயும் மூணு விதமான ஆக்கள். ஆறு மாசத்துக்கு உள்ளுக்க இரிக்கிறது ஆர் தூக்கினாலும் வரும். எட்டு ஒம்பது மாசத்தில புது முகத்தக் கண்டா அழுறது நல்ல அடையாளம், தன்ட ஆள் ஆரு மற்ற ஆள் ஆரு எண்டு அதுக்கு விளங்கத் தொடங்கிட்டு. அதப் போய் சிணுங்குற புள்ள எண்டு ஏசக் கூடாது. நேரா முகத்துக்கு முன்னால போய் நிக்காம, தாயோட கொஞ்ச நேரம் கதைங்க, புள்ள உங்களப் பாத்துக் கொண்டே இரிக்கும், பயம் கொஞ்சம் குறையும், அதுக்குப் பிறகு தாய்ட மடியில வெச்சே பாருங்க. முதல்ல மூச்ச எண்ணுங்க, நெஞ்சில குழாய வெச்சுக் கேளுங்க, காதும் தொண்டையும் கடைசி. தொண்டையத் திறந்து பாத்துட்டு அழுற புள்ளட மூச்ச எண்ணினா அந்த எண்ணிக்கை ஒண்டுக்கும் உதவாது.

படுவான்கரை_தம்பி:

அக்கா சொல்லுறது எல்லாம் சரி, நான் மறுக்கல்ல, ஆனா நானும் ஆண் தாதியா ஒரு சின்ன ஆஸ்பத்திரியில வேல செய்றன், நைட் டியூட்டியில ஒரு ஆள் ரெண்டு ஆள்தான், மழைக்காலம் வந்தா ஒரு கட்டில்ல ரெண்டு புள்ள, காச்சல், சளி, வயித்தோட்டம், எல்லாத்துக்கும் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாக்கணும், சேலைன் மாத்தணும், எழுதணும். இதுக்குள்ள தாயோட கதைச்சு, புள்ளயோட விளையாடி, மடியில வெச்சு எண்டா எங்க நேரம்? தங்கச்சிக்கு புத்தகத்தில இரிக்கிறதச் சொல்லி அனுப்பினா அங்க போய் மனசு உடைஞ்சு போகும்.

வாட்_அக்கா:

தம்பி நீங்க சொல்லுற ஆள் பற்றாக்குறை உண்மை, அத நான் குறைச்சுச் சொல்லல்ல. ஆனா நேரம் போற இடம் எது எண்டு பாருங்க. ரெண்டு வயசுப் புள்ளய நாலு பேர் அமத்திப் பிடிச்சுக் கெனியுலா (சேலைன் போக நரம்பில ஏத்துற சின்னக் குழாய்) ஏத்த மூணு தரம் குத்தி, புள்ள வேர்த்து விறுவிறுத்து, தாய் அழுது, பக்கத்துக் கட்டில் புள்ளைகளும் கத்தத் தொடங்கினா அரை மணித்தியாலம் போயிரும். அதே புள்ளய தாய்ட நெஞ்சோட அணைச்சு இருத்தி, ஒரு கையத் தாய் பிடிக்க, மற்றக் கைய நீங்க பிடிச்சா பெரும்பாலும் சுறுக்கா முடியும். மூச்சு எண்ணுறதுக்கு நித்திரையில இரிக்கிற நேரம் போனா தனியா நேரம் தேவையில்ல. ஒரு நிமிசம் முழுக்க எண்ணணும், குழந்தைகள்ட மூச்சு ஒழுங்கில்லாம வரும், பதினஞ்சு செக்கன் எண்ணி நாலால பெருக்குறது பெரிய ஆக்களுக்கு. ரெண்டு மாசத்துக்கு உள்ளுக்க எண்டா 60ம் அதுக்கு மேலயும், ரெண்டு மாசம் தொடக்கம் ஒரு வயசு மட்டும் 50ம் அதுக்கு மேலயும், ஒண்டு தொடக்கம் அஞ்சு வயசுக்கு 40ம் அதுக்கு மேலயும் வேகமான மூச்சு. 45 எண்டு எழுதினா எட்டு மாசப் புள்ளைக்குப் பறுவாயில்ல, மூணு வயசுக்கு டொக்டரக் கூப்பிடணும். வயசு தெரியாம இந்த இலக்கத்த வெச்சு ஒண்டும் செய்யேலாது.

விளையாட்டு எண்டா தனியா மணித்தியாலம் ஒதுக்கச் சொல்லல்ல. ஊசி இல்லாத வெறும் சிரிஞ்ச ஒரு நாலு வயசுப் பொண்ணுக்கிட்ட குடுத்து இந்தக் கரடிக்கு மருந்து குடுங்க எண்டு சொல்ல எவ்வளவு நேரம்? அடுத்த தரம் மருந்துக்கு வாயத் திறக்கும்.

தாதிமாணவி_மட்டு:

அக்கா நாலு வயசு எண்ட உடனே கேக்கிறன், வாட்டுல ஒரு சின்னப் பெடியன் இரத்தம் எடுத்த பிறகு பிளாஸ்டர் ஒட்டும் வரைக்கும் கத்திக் கொண்டே இரிந்தவர், ஒட்டின உடனே நிப்பாட்டிட்டார். வலி அவ்வளவு சுறுக்கா போகாதுதானே, அது ஏன் அப்பிடி?

வாட்_அக்கா:

நல்லாப் பாத்திரிக்கீங்க. பியாஜே சொன்ன 2 தொடக்கம் 7 வயசுக் காலம் அதுதான். அந்த வயசில உடம்பு எண்டது தோலால மூடின ஒண்டு, ஓட்டை விழுந்தா உள்ளுக்க இரிக்கிறதெல்லாம் வெளிய வந்திரும் எண்ட பயம். பிளாஸ்டர் ஒட்டினா ஓட்டை அடைபட்டிரும். அதால இரத்தம் வாறது நிண்டாலும் ஒரு துண்டு ஒட்டி விடுங்க, அது மருந்துதான். அதே வயசில இன்னொரு சங்கதி, வருத்தம் வந்தது தான் செய்த குழப்படிக்குத் தண்டனை எண்டு நினைக்கும். நம்மட ஆக்கள் வேற, சாப்பிடாட்டி மிஸி வந்து ஊசி போடுவா எண்டு வெருட்டி வெச்சிரிப்பாங்க. தாய்மாரிட்டத் தயவா சொல்லுங்க, எங்கள வெச்சு வெருட்ட வேணாம் எண்டு. புள்ளைக்கிட்டயும் வாயத் திறந்து சொல்லுங்க, நீங்க ஒண்டும் பிழை செய்யல்ல, கிருமிதான் காச்சலக் கொண்டு வந்த எண்டு. கேட்ட உடனே முகம் மாறும்.

வலிக்காது எண்டு பொய் சொல்லக் கூடாது. நுள்ளுற மாதிரி கொஞ்சம் வலிக்கும், அழலாம், கைய மட்டும் அசைக்காதீங்க எண்டு சொல்லுங்க. பொய் சொன்னா அடுத்த மிஸியையும் அந்தப் புள்ள நம்பாது. எப்ப சொல்லுறது எண்டதும் வயசோட மாறும். ரெண்டு வயசுக்கு செய்றதுக்கு சரி முன்னாலதான் சொல்லணும், காலையில சொல்லிட்டு பின்னேரம் செய்தா நாள் முழுக்கப் பயந்து கிடக்கும். பள்ளிக்கூடம் போற புள்ளைக்கு முன்கூட்டியே சொல்லணும், அவங்களுக்கு ஏன் எதுக்கு எண்டு தெரியணும், பஞ்சப் பிடிக்கிறது, குடிச்ச தண்ணிய எழுதுறது மாதிரி ஒரு வேலையும் குடுக்கணும். எரிக்சன் அந்த வயசுக்கு சொன்னது அதுதான், என்னால ஏலும் எண்டு காட்டுற வயசு. பன்ரெண்டு பதிமூணு வயசுக்காரருக்கு திரை இழுத்து மூடாம ஒண்டும் செய்யாதீங்க, சின்னப் புள்ளைகளுக்கு நடுவில கட்டில் குடுக்க வேண்டி வந்தாலும் அவங்கட வெக்கத்த மதிக்கணும்.

மறுகா, இத எங்கயாவது எழுதி வெச்சுக் கொள்ளுங்க. வாட்டுல சத்தம் போடாம ஒரு மூலையில கிடக்கிற ரெண்டு வயசுப் புள்ளய நல்ல புள்ள எண்டு விட்டுட்டுப் போகாதீங்க. தாயப் பிரிஞ்ச சின்னப் புள்ள முதல்ல கத்தும், மறுகா சோர்ந்து பேசாமக் கிடக்கும், கடைசியில தாய் வந்தாக்கூட முகத்தத் திருப்பும். லண்டன்ல தாயப் பிரிஞ்ச புள்ளைகளப் பத்தி ஆராய்ஞ்ச ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் இதப் பாத்துச் சொன்ன காலத்தில அங்க தாய்மார் புள்ளைகளப் பாக்க வாறதுக்கே நேரக் கட்டுப்பாடு. 1959ல, ஆஸ்பத்திரியில புள்ளைகள எப்பிடிப் பாக்கணும் எண்டு சொன்ன பிளாட் அறிக்கை வந்த பிறகுதான் அங்க கதவு திறக்கத் தொடங்கிச்சு. நம்மட பக்கம் தாய் கூட நிக்கிறது வழமை, அது பெரிய கொடுப்பினை. ஆனா தாய் வெளிநாட்டில, அம்மம்மா வயலுக்குப் போக வேணும், புள்ள தனிய எண்டு வாறதும் இரிக்கு. அந்தப் புள்ளைக்கு ஒவ்வொரு டியூட்டியிலயும் ஒரே ஆள் போய்ப் பாக்கிற மாதிரி ஒழுங்கு பண்ணுங்க. வீட்டில பாவிச்ச துணி, அம்மம்மாட சேலைத் துண்டு ஏதாவது பக்கத்தில இரிக்கட்டும்.

ஆலையடி_அம்மா:

நான் நேர்ஸ் இல்ல, இத வாசிச்சிட்டு கேக்கிறன், பிழையா நினைக்காதீங்க. என்ட மகளுக்கு ஒம்பது மாசம். ஆறாம் மாசம் 6.8, ஏழாம் மாசம் 7.0, எட்டிலயும் 7.0, இப்ப 7.1. கிளினிக் மிஸ் நிறை காணாது எண்டு சொல்லுறா, மாமி சொல்லுறா எங்கட பரம்பரையே மெல்லிசு, புள்ள ஓடியாடி விளையாடுது, ஒண்டுக்கும் யோசிக்காத எண்டு. ஆர் சொல்லுறது சரி?

மிட்வைப்_கிழக்கு:

தங்கச்சி நான் குடும்ப நல உத்தியோகத்தர்தான், சொல்லுறன். உங்கட கைல இரிக்கிற அந்த ரோஸ் கொப்பிய, புள்ளட நிறை உயரம் எழுதுற கொப்பியத் திறந்து வளர்ச்சிப் பாதைய (நிறைக் கோடு கீறுற படத்த) பாருங்க. ஆறாம் ஏழாம் மாசம் புள்ளி கடும் பச்சையில இரிந்திரிக்கும், எட்டில பச்சையும் இளம் பச்சையும் சேருற கோட்டில, இப்ப இளம் பச்சைக்குள்ள இறங்கிட்டு. பெண் புள்ளைக்கு ஒம்பது மாசத்தில நடுக் கோடு 8.2 கிலோ, 7.3க்குக் கீழ போனா இளம் பச்சை, 6.5க்குக் கீழ போனா செம்மஞ்சள். அதால இப்ப மெலிவு எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. ஆனா கோடு படுத்திட்டு. நான் பாக்கிறது புள்ளி எங்க நிக்குது எண்டத விட கோடு எங்க போகுது எண்டது. இளம் பச்சையிலயே பிறந்து இளம் பச்சையிலயே கோட்டோட கோடா ஏறுற புள்ளைக்கு நான் அவ்வளவு யோசிக்க மாட்டன், பச்சையில இரிந்து மூணு மாசமா நேராப் போறதுக்குத்தான் யோசிப்பன். மாமி புள்ளட விளையாட்டப் பாத்துச் சொல்லுறா, அதுவும் நல்ல அடையாளம்தான், ஆனா நிறை முதல்ல நிண்டு கொஞ்ச காலம் போன பிறகுதான் உயரம் நிக்கும், அதுக்குப் பிறகு திருப்பி எடுக்கிறது கஷ்டம். இப்பவே பாத்தா லேசு.

என்ன சாப்பாடு குடுக்கிறீங்க எண்டு எழுதுங்க.

ஆலையடி_அம்மா:

காலையில கஞ்சி, பகல் சோறு பருப்புத் தண்ணி விட்டு மிக்சியில அடிச்சு, பின்னேரம் பிஸ்கட் பால்ல ஊறப் போட்டு. தாய்ப்பாலும் குடிக்கிறா. மீன் முள்ளுக்குப் பயத்தில குடுக்கல்ல.

மிட்வைப்_கிழக்கு:

அப்பிடித்தான் நினைச்சன். ஒம்பது மாசத்தில மிக்சிய நிப்பாட்டுங்க, விரலால மசிச்சுக் குடுங்க, சின்னக் கட்டி இரிக்கட்டும், அப்பதான் கடிச்சு மெல்லப் பழகும். கஞ்சியும் பருப்புத் தண்ணியும் வயித்த நிரப்பும், சத்து இல்ல. கரண்டியச் சரிச்சா வழிஞ்சு ஓடாத பதத்தில இரிக்கணும். இந்த வயசில தாய்ப்பாலுக்கு மேலதிகமா சாப்பாட்டில இருந்து 300 கலோரியளவு போகணும், சின்ன வயிறு, தண்ணியால நிரம்பினா எங்க அது போறது? பருப்புத் தண்ணியை இல்ல, பருப்பையே மசிங்க, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய், இல்லாட்டி கட்டித் தேங்காய்ப் பால் விடுங்க, முட்டை குடுங்க, கீரை குடுங்க. மீனுக்கு ஏன் பயம், வாவியும் கடலும் பக்கத்தில வெச்சுக்கொண்டு, அவிச்சு உதிர்த்து முள்ளுப் பாத்து ரெண்டு விரலால நசிச்சுக் குடுங்க, நெத்தலிய இடிச்சுத் தூளாக்கி சோத்தில போடுங்க. ஒரு நாளைக்கு மூணு நாலு தரம் சாப்பாடு, இடையில பழம். பிஸ்கட் வேணாம். ஒரு வயசுக்குள்ள உப்பும் சீனியும் சேக்க வேணாம், தேனும் குடுக்கக் கூடாது, எவ்வளவு நல்ல தேனா இரிந்தாலும்.

திரிபோஷா தந்தா அது புள்ளைக்கு மட்டும். சோளம், சோயா, பால்மா சேந்த சாமான், வீட்டில எல்லாருக்கும் உருண்டை பிடிச்சுப் பிரிச்சா புள்ளைக்கு ஒரு வாய்தான் மிஞ்சும், நான் இத வீட்டுக்கு வீடு பாக்கிறன், பசியில இரிக்கிற மூத்த புள்ளைகளுக்குக் குடுக்காத எண்டு சொல்ல எனக்கும் மனசு வலிக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேணும். சாப்பாட்ட மாத்திட்டு வாற மாசம் நிறுங்க. சளி, வயித்தோட்டம் ஏதாவது இடையில வந்ததா எண்டும் கிளினிக்ல சொல்லுங்க.

கடற்கரையான்:

இடையில வாறதுக்கு மன்னிக்கணும். இந்தப் பாதை வெளிநாட்டுக்காரன் தன்ட புள்ளைகள வெச்சுப் போட்டது தானே, நம்மட புள்ளைகள் இயல்பாவே சின்ன உடம்பு. வெள்ளக்காரப் புள்ளையோட ஒப்பிட்டு தாய்மாரப் பயப்படுத்துறது நியாயமா எண்டு எனக்கு விளங்கல்ல.

மிட்வைப்_கிழக்கு:

கேக்க வேண்டிய கேள்விதான். முந்தி பாவிச்ச பாதை அமெரிக்கப் புள்ளைகள வெச்சுப் போட்டது, அதுவும் கனபேர் போத்தல் பால் குடிச்ச புள்ளைகள். இப்ப பாவிக்கிறது 2006ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. 1997 தொடக்கம் 2003 மட்டும் பிறேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா எண்டு ஆறு நாட்டில 8,440 புள்ளைகளப் பாத்தாங்க. தாய்ப்பால் குடிச்ச, தாய் சிகரெட் குடிக்காத, சுகாதாரமா வளந்த புள்ளைகள். அப்பிடி வளந்தா அஞ்சு வயசு மட்டும் டில்லிப் புள்ளயும் ஒஸ்லோப் புள்ளயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் உயருது. அப்ப நம்மட புள்ள கட்டையா இரிக்கிறதுக்கு இனம் காரணம் எண்டு சொல்லி விடேலாது, சாப்பாடு, அடிக்கடி வருத்தம், தாய்ட கர்ப்ப கால நிறை எல்லாம் பாக்கணும். நம்மட புள்ளைகள் இப்பிடித்தான் எண்டு சொன்னா இவ்வளவு காணும் எண்டு நாமளே முடிவெடுத்த மாதிரி. எனக்கு அதில உடன்பாடு இல்ல.

பயப்படுத்துறது எண்டு சொன்னீங்களே, அதில ஒரு நியாயம் இரிக்கு. கிளினிக்ல எல்லாருக்கும் முன்னால சத்தமா நிறை காணாது எண்டு சொல்லி தாயத் தலை குனிய வைக்கிறது நடக்குது. அது மாறணும்.

வாழைச்சேனை_வாப்பா:

அஸ்ஸலாமு அலைக்கும். மவனுக்கு ரெண்டு வயசும் ரெண்டு மாசமும். நடக்கிறார், ஓடுறார், உயரம் நிறை எல்லாம் பச்சைக்குள்ள. ஆனா கதை இல்ல, உம்மா எண்டு மட்டும் எப்பவாச்சும். பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்புறது குறைவு. ஆம்புளப் புள்ள பிந்தித்தான் கதைக்கும், இவர்ட வாப்பாவும் மூணு வயசிலதான் கதைச்ச எண்டு எங்கட உம்மா சொல்லுறா, அந்த வாப்பா நான்தான். ஃபோன்ல பாட்டுப் போட்டா மட்டும் அமைதியா இரிப்பார். பொறுத்துப் பாக்கவா?

வாட்_அக்கா:

வஅலைக்கும் ஸலாம் நானா. பொறுக்க வேணாம். பயப்படவும் வேணாம், ஆனா இந்தக் கிழமையே போங்க. ஆம்புளப் புள்ளைகள் கொஞ்சம் பிந்துறது இரிக்கு, ஆனா அந்தக் கொஞ்சம் ஒரு ரெண்டு மாசம், வருசக்கணக்கு இல்ல. ஒரு வயசில கை நீட்டிக் காட்டல்ல, மழலை இல்ல, பதினாறு மாசத்தில ஒரு சொல்லும் இல்ல, ரெண்டு வயசில பால் தா, வாப்பா வா மாதிரி ரெண்டு சொல்லு சேத்துச் சொல்லல்ல எண்டா பாக்கணும். கதைச்சுக் கொண்டு இரிந்த புள்ள கதைக்கிறத விட்டா எந்த வயசா இரிந்தாலும் உடனே பாக்கணும்.

முதல்ல காது. பேருக்குத் திரும்பல்ல எண்டா காது கேக்குதா எண்டு கருவி வெச்சுச் சோதிக்கணும், பின்னால நிண்டு கைதட்டிப் பாக்கிறது காணாது, கொஞ்சம் கேக்கிற புள்ளயும் திரும்பிரும். ஃபோன் பாட்டுக்கு அமைதியாகுறார் எண்டதால காது சரி எண்டு முடிவெடுக்கவும் ஏலாது. மறுகா நீங்க பாத்து வெச்சுச் சொல்ல வேண்டியது, கண்ணப் பாக்கிறாரா, நீங்க காட்டுற இடத்தப் பாக்கிறாரா, தனக்கு வேணுமெண்டதக் கை நீட்டிக் காட்டுறாரா உங்கட கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போறாரா, வெறும் கோப்பையில தேத்தண்ணி குடிக்கிற மாதிரி நடிச்சு விளையாடுறாரா. இந்தக் கேள்விகளுக்குப் பதில் டொக்டருக்குப் பெரிய உதவி. உங்கட மிட்வைப் மிஸ்கிட்ட சொன்னா எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்ல பாத்து, பெரிய ஆஸ்பத்திரி குழந்தை டொக்டருக்கு கடிதம் தருவாங்க.

ஃபோன நிப்பாட்டுங்க. உலக சுகாதார நிறுவனம் ரெண்டு வயசுக்குள்ள திரையே வேணாம் எண்டும் அதுக்குப் பிறகு நாலு வயசு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேணாம் எண்டும் 2019ல சொன்ன. ஃபோன்தான் காரணம் எண்டு நான் சொல்லல்ல, அது புள்ளையோட நீங்க கதைக்கிற நேரத்த எடுத்திரும்.

படுவான்கரை_தம்பி:

வாப்பாக்கு ஒண்டு. எங்கட பக்கம் ரெண்டு பாசை கதைக்கிற வீடுகளும் இரிக்கு, தமிழும் சிங்களமும் கலந்து கதைச்சதாலதான் புள்ள குழம்பிட்டு எண்டு சொல்லுவாங்க. அப்பிடி ரெண்டு பாசையால புள்ள பிந்துறது இல்ல, ரெண்டு பாசையிலயும் உள்ள சொல்லச் சேத்து எண்ணிப் பாக்கணும். அதச் சாட்டா வெச்சு நாள் கடத்த வேணாம்.

அக்கா முந்திச் சொன்ன மடியில வெச்சு கெனியுலா ஏத்துற விசயம், எங்கட இடத்தில தாய வெளிய அனுப்புறதுதான் வழமை, தாய் மயங்கி விழுந்தா அவவையும் பாக்கணும் எண்டு. அதுக்கு என்ன சொல்லுறீங்க?

வாட்_அக்கா:

தாய்க்கிட்டக் கேளுங்க, நிக்க ஏலுமா எண்டு. ஏலாது எண்டா வற்புறுத்த வேணாம், கதவுக்கு வெளிய இரிக்கட்டும், முடிஞ்ச உடனே கையில குடுங்க. நிக்கிற தாய்க்கு இருக்கிறதுக்குக் கதிரை குடுங்க, புள்ளட முகத்தப் பாக்கச் சொல்லுங்க, ஊசியப் பாக்க வேணாம். கைக்குழந்தை எண்டா தாய்ப்பால் குடிக்கிற நேரமே ஊசி போடலாம், வலி குறையுது எண்டு நல்லாப் பாத்த விசயம்.

ஒண்டு விட்டுப் போச்சு, வலி பாக்கிறதும் வயசுதான். கதைக்கத் தெரியாத புள்ளைக்கு முகம், கால், உடம்பசைவு, அழுகை, தேற்றினா ஆறுதா எண்டு அஞ்சு விசயம், ஒவ்வொண்டுக்கும் 0 தொடக்கம் 2, மொத்தம் 10. இதுதான் ஃப்ளாக் அளவு, ரெண்டு மாசம் தொடக்கம் ஏழு வயசு மட்டும் பாவிக்கலாம். மூணு வயசு தாண்டினா சிரிக்கிற முகம் அழுற முகம் படம் காட்டி எது நீங்க எண்டு கேக்கலாம். எட்டு வயசளவில பத்துக்கு எத்தின எண்டு இலக்கத்தில கேக்கலாம். சோதினைக்கும் வரும்.

தாதிமாணவி_மட்டு:

எல்லாருக்கும் கனக்க நன்றி. நேத்து வாட்டுல வயசப் பாத்துட்டுத்தான் ஒவ்வொரு கட்டிலுக்கும் போனன், ஒரு வயசுப் புள்ளட மூச்ச நித்திரையில எண்ணி எழுதினன். இன்னுமொரு கேள்வி. குறைமாசத்தில பிறந்த ஒரு புள்ள, 32 கிழமையில பிறந்தவர், இப்ப ஆறு மாசம், பிடிச்சு வெச்சாலும் இருக்கிறார் இல்ல, கழுத்து மட்டும் நிக்குது. தாய் கேக்கிறா பிந்திட்டாரா எண்டு. அட்டவணைப்படி பிந்தினதுதானே?

வாட்_அக்கா:

40ல இருந்து 32 கழிங்க, எட்டுக் கிழமை, ரெண்டு மாசமளவு. ஆறில ரெண்டு போனா நாலு மாசம். நாலு மாசப் புள்ளைக்குக் கழுத்து நிண்டாச் சரி. ரெண்டு வயசு வரைக்கும் விருத்தியையும் வளர்ச்சிப் பாதையையும் இப்பிடிக் கழிச்சுத்தான் பாக்கணும், தாய்க்கு அந்தக் கணக்கையும் கொப்பியிலேயே எழுதிக் காட்டுங்க. ஆனாலும் குறைமாசத்தில பிறந்தவர், அதால கிளினிக்க விடக் கூடாது, கண்ணும் காதும் பாத்ததா எண்டு கேளுங்க. கை கால் இறுக்கமா இரிக்கா, ஒரு கைய மட்டும் பாவிக்கிறாரா எண்டும் பாருங்க, ஒண்டரை வயசுக்கு முதல் ஒரு கைப் பழக்கம் தெரிஞ்சா டொக்டருக்குச் சொல்லணும்.

தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் இல்ல, அது பிறந்த திகதியில இருந்துதான், ரெண்டு, நாலு, ஆறு மாச ஊசி எல்லாம் போட்டாச்சா எண்டு நாளைக்கே கொப்பியில பாருங்க, குறைமாசம் எண்டு சொல்லி தாய்மார் பிந்திப் போடுறது கனக்க நடக்குது.

வாழைச்சேனை_வாப்பா:

மிஸ் கடிதம் தந்திட்டா, காது பாக்க வாற கிழமை திகதி போட்டிரிக்கி. அது வரைக்கும் வீட்டில என்ன செய்யணும் எண்டு சொல்லுங்க.

மிட்வைப்_கிழக்கு:

நிலத்தில இருந்து அவர்ட கண்ணுக்கு நேர முகத்த வெச்சுக் கதைங்க. அவர் என்னத்தப் பாக்கிறாரோ அதுட பேரச் சொல்லுங்க, பந்து எண்டா பந்து, சின்னச் சொல்லா, ஒரே சொல்லத் திருப்பித் திருப்பி. கேக்க முதல் சாமானக் கையில குடுத்திராதீங்க, கொஞ்சம் பொறுத்து அவர் சத்தம் போடவோ கை நீட்டவோ இடம் குடுங்க, செய்த உடனே குடுத்திருங்க. சொல்லு சொல்லு எண்டு வற்புறுத்த வேணாம். உம்மாக்கும் ராத்தாமாருக்கும் இதையே செய்யச் சொல்லுங்க. காது பாக்கப் போகக்குள்ள சளி கடுமையா இரிந்தா முதல்லயே அங்க சொல்லிருங்க, கொப்பியையும் கடிதத்தையும் கையோட கொண்டு போங்க.